இருநூறு கிரெயின் ஈயம்

போர்க்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பெரியவற்றையே நாடிச் செல்கின்றனர். பீரங்கி, போர்க்கப்பல், டாங்கி, அணுகுண்டு ஆகியவற்றைப் பற்றிய நூல்கள் மலிந்து கிடக்கின்றன. அதிகாரி ஒருவரின் இடுப்பில் தொங்கிய கைத்துப்பாக்கியின் உள்ளே கிடந்த தோட்டாவைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. எழுதப்பட்டவையும் ஆயுதப் பிரியர்களுக்கென்றே எழுதப்பட்டவை. ஆயினும், ஒரு பேரரசு தன் அதிகாரியின் கையில் எவ்வளவு வலிமையை ஒப்படைக்கலாம், எதிரே நிற்கும் மனிதனின் உடலுக்கு எவ்வளவு கேடு விளைவிக்கலாம் என்று கணக்கிட்டுப் பார்த்த வரலாறு அந்தச் சிறு பித்தளைக் குழலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. சிங்கப்பூர்க் காவல்துறையினர் 1930களில் தொடங்கி 1970கள் வரை தம் இடைவாரில் சுமந்து திரிந்ததும் அத்தகைய ஒரு தோட்டாவே. பிரிட்டிஷ் படைத்துறை அதற்கு ‘.380’ என்று பெயரிட்டது. அதன் குண்டின் எடையையும் சேர்த்து ‘.38/200’ என்று வழங்குவோரும் உண்டு. இன்று அது பெரிதும் மறக்கப்பட்ட ஒன்று.

மேலே செல்லுமுன் சொற்களைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். தமிழில் நாம் குண்டு என்றும் ரவை என்றும் தோட்டா என்றும் மாறி மாறி வழங்குகிறோம். இக்கட்டுரையில் தோட்டா என்பது முழுப்பொருளைக் குறிக்கும். அதாவது பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் ஈயம் ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. அதிலிருந்து பிரிந்து பறந்து செல்லும் ஈயப்பகுதி மட்டுமே குண்டு. துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழிவழி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை மொழியாசிரியர்கள் அறிவர். கிரெயின் என்பது பழைய ஆங்கில எடையளவு. நம் குன்றிமணியைப் போல் அதுவும் ஒரு தானிய மணியை அடியாகக் கொண்டே பிறந்தது. இருநூறு கிரெயின் ஏறத்தாழ 13 கிராமுக்குச் சமம்.

இத்தோட்டாவின் மூதாதை அமெரிக்காவில் பிறந்தது. 1877ஆம் ஆண்டளவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் சட்டைப்பையில் அடங்கும் சுழல்துப்பாக்கிகளுக்கென அதனை உருவாக்கியது. குண்டின் எடை அப்போது 146 கிரெயின். போட்டி நிறுவனமாகிய கோல்ட், எதிராளியின் பெயரைத் தன் துப்பாக்கியின்மேல் பொறிக்க மனமின்றி, அதே தோட்டாவின் குண்டைச் சற்றே தட்டையாக்கி ‘கோல்ட் நியூ போலீஸ்’ என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டது. வணிகப் பகைமையால் ஒரே பொருளுக்குப் பல பெயர் வாய்த்த கதை இது. பின்னாளில் இதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏந்திய துப்பாக்கி வேறு. வெப்லி மார்க் 6 என்னும் அது 1915இல் படைக்கு ஏற்கப்பட்டது. தோட்டாவின் பெயர் .455. அதன் குண்டு 11 மில்லிமீட்டருக்கும் அதிகத் தடிமனும் 265 கிரெயின் எடையும் கொண்டது. துப்பாக்கியோ 1.1 கிலோகிராம் கனத்தது. அகழிப்போரின் நெருக்கத்தில் அது நன்கு பணியாற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால், போர்க்காலத்தில் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்ட புதியவர்களுக்கு அதனைக் கொண்டு குறி தவறாமல் சுடப் பயிற்சி அளிப்பது பெரும்பாடாக இருந்தது. கைத்துப்பாக்கி என்பது நீட்டிய கையொன்றையே தாங்குதூணாகக் கொண்ட கருவி. கனமும் பின்னுதைப்பும் மிகுந்தால், முதல் குண்டுக்குப் பின் கை தானாகவே தயங்கும். விசையை அழுத்துமுன்பே கண் மூடும். எத்தனை பெரிய குண்டாயினும் எதிரியைத் தவறவிட்டுச் சுவரில் புதைந்தால் அதனால் ஆவதென்ன?

எனவே போர் முடிந்தபின் படைத்துறையினர் இலேசான ஒன்றைத் தேடினர். 1920களின் தொடக்கத்தில் அவர்கள் கண் அமெரிக்கத் தோட்டாவின்மேல் விழுந்தது. பித்தளைக் கூட்டை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, 146 கிரெயின் குண்டை நீக்கிவிட்டு, அதனிடத்தில் நீளமும் மழுங்கிய முனையும் கொண்ட 200 கிரெயின் ஈயக்குண்டைப் பொருத்தினர். அதன் வேகம் நொடிக்கு 190 மீட்டர் அளவே. ஒலியின் வேகத்தில் பாதியைச் சற்றே கடந்தது எனலாம். இவ்வளவு மெதுவாகச் செல்லும் நீண்ட குண்டு, உடலில் பட்டவுடன் நிலைகுலைந்து புரண்டு, தன் அளவுக்கு மீறிய காயத்தை உண்டாக்கும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. ஆகவே கைக்கு எளியதாகவும், விளைவில் பழைய .455க்குக் கிட்டத்தட்ட நிகராகவும் இருக்கும் என்று முடிவு கட்டினர்.

இம்முடிவை எடைபோட இயற்பியல் மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொருளின் எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். எடையை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் வருவது இயக்க ஆற்றல். ஐரோப்பாக் கண்டத்துப் படைகள் விரும்பிய 9 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ ஏழரைக் கிராம் எடையுடன் நொடிக்கு 360 மீட்டர் அளவில் பறந்தது. உந்தத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் குண்டு அதற்குச் சற்றே குறைந்தது, ஒன்று 2.7, மற்றது 2.5. ஆற்றலில் பார்த்தாலோ 9 மில்லிமீட்டர் குண்டு 480 ஜூலைத் தாண்டுகிறது. பிரிட்டிஷ் குண்டு 235 ஜூலுக்குள் நின்றுவிடுகிறது. உந்தத்தைப் பெரிதென்பார் கனமான குண்டை நாடினர். ஆற்றலைப் பெரிதென்பார் விரைவான குண்டை நாடினர். இவ்விரு கட்சியாரின் வழக்கு நூறாண்டு கடந்தும் தீரவில்லை. என் கருத்தில், மனித உடல் இருவர் கணக்குக்கும் கட்டுப்படுவதில்லை. குண்டு எங்கே பட்டது என்பதே முதற்கேள்வி. அவ்வகையில், குறிபார்க்க எளிய துப்பாக்கியைத் தேர்ந்த பிரிட்டிஷாரின் அடிப்படை எண்ணம் தவறன்று.

இத்தோட்டாவின் நன்மைகளைத் தயக்கமின்றிச் சொல்லலாம். பின்னுதைப்பு குறைவு. வெடிப்பின் அழுத்தம் குறைவாதலால் துப்பாக்கியை இலேசாகச் செய்ய முடிந்தது. புதிய துப்பாக்கி முக்கால் கிலோகிராமுக்குச் சற்றே மேல். அழுத்தம் குறைவு என்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. பிரிட்டிஷ் சுழல்துப்பாக்கிகள் நடுவே மடிந்து திறப்பவை. தாழைத் தள்ளிக் குழலைக் கீழே சாய்த்தவுடன், ஆறு வெற்றுக்கூடுகளும் ஒருசேர மேலெழுந்து கீழே விழும். உடனே புதியவற்றை இட்டு மூடிவிடலாம். இவ்வமைப்பு விரைவானது, ஆனால் வலுக்குன்றியது. கடுமையான அழுத்தமுள்ள தோட்டாவை அது நெடுநாள் தாங்காது. மெதுவான .380 அதற்கென்றே பிறந்தது போல் பொருந்தியது. மேலும், ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி அழுத்தினால் போதும். அடுத்த தோட்டா முன்வந்து நிற்கும். தானியங்கித் துப்பாக்கியில் அடைப்பை நீக்க இரு கைகளும் வேண்டும்.

குறைகளும் வெளிப்படையானவை. தூரம் செல்லச் செல்லக் குண்டு மிகத் தாழ்ந்து விழும். தடித்த தடை எதனையும் ஊடுருவும் ஆற்றல் அதற்கு இல்லை. புரண்டு காயப்படுத்தும் என்ற நம்பிக்கை எப்போதும் மெய்ப்பட்டதாகவும் சொல்ல முடியாது. பழைய .455ஐக் கையாண்டு பழகியவர்கள் இதனை ஐயத்துடனேயே நோக்கினர்.

அவர்களின் ஐயத்திற்கு ஓர் அமெரிக்கச் சான்றும் இருந்தது. ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கர், 1899 முதல் அங்கே எழுந்த எதிர்ப்பை அடக்க முற்பட்டபோது, அவர்களின் கையில் இருந்தது .38 லாங் கோல்ட் என்னும் மற்றொரு சிறு தோட்டா. சூலுத் தீவுகளிலும் மிண்டனாவோவிலும் மோரோ வீரர்கள், குண்டு பட்ட பின்னும் நில்லாது முன்னேறி வந்தனர் என்று அமெரிக்கர் முறையிட்டனர். தம் மண்ணைக் காக்க வாளேந்தி வந்தவனின் மனவுறுதியை அவர்கள் தோட்டாவின் குறையாகவே கணக்கில் எழுதிக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. 1904இல் தாம்சன், லகார்டு என்னும் இரு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மாடுகளின்மீதும், வேறிடத்தில் மனிதப் பிணங்களின்மீதும் பல தோட்டாக்களைச் சுட்டுச் சோதித்தனர். .45க்குக் குறைந்த அளவு படைக்கு உதவாது என்பது அவர்களின் தீர்ப்பு. அத்தீர்ப்பின் வழியே 1911இல் புகழ்பெற்ற .45 தானியங்கிக் கைத்துப்பாக்கி பிறந்தது. ஆக, அமெரிக்கா சிறியதைக் கைவிட்டுப் பெரியதற்கு ஏறிய பின்னர், பிரிட்டன் பெரியதைக் கைவிட்டுச் சிறியதற்கு இறங்கியது. அறிவியல் முடிவு என்று இருவருமே சொல்லிக்கொண்டனர். ஒருவர் காடுகளில் நடந்த காலனிப்போரை மனத்தில் வைத்துப் பேசினர். மற்றவர் பயிற்சி போதாத பெருந்திரள் படையை மனத்தில் வைத்துப் பேசினர் என்று கொள்வதே பொருந்தும்.

இனி, இத்தோட்டாவின் வரலாற்றில் மிகுதியும் சிந்திக்கத்தக்க பகுதிக்கு வருவோம். பிரிட்டன் தேர்ந்த 200 கிரெயின் குண்டு வெற்று ஈயத்தால் ஆனது. ஈயம் மென்மையானது, எலும்பில் பட்டால் நசுங்கி விரியும். இத்தகைய குண்டுகளைப் பற்றி உலக நாடுகள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தன. அந்தப் பேச்சின் தொடக்கம் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரில் இருக்கிறது. 1890களில் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பட்டாணியரோடு போரிட்ட பிரிட்டிஷ் படை, தன் புதிய துப்பாக்கியின் கவசமிட்ட குண்டு எதிரியை ஊடுருவிச் செல்கிறதேயன்றி நிறுத்தவில்லை என்று குறைப்பட்டது. டம்டம் படைக்கலச் சாலையில் குண்டின் முனைக் கவசம் நீக்கப்பட்டது. உள்ளிருந்த ஈயம் உடலுக்குள் மலர் போல் விரிந்து பெருங்காயம் விளைவித்தது. ஊரின் பெயரே அக்கொடிய குண்டுக்குப் பெயராகி, உலக மொழிகளில் எல்லாம் புகுந்தது. வங்காளத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இப்படியும் ஒரு புகழ்!

கைத்துப்பாக்கியும் இதற்கு விலக்காகவில்லை. 1898இல் .455 தோட்டாவுக்கு முனையில் குழிவிட்ட ஈயக்குண்டு ஒன்றை அமைத்தனர். ‘மனிதனை நிறுத்துவது’ என்னும் பொருள்படவே அதனை ஆங்கிலத்தில் அழைத்தனர். மறுஆண்டு ஹேக் நகரில் அமைதி மாநாடு கூடியது. மனித உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது நசுங்கும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்னும் பிரகடனம் 1899 ஜூலை 29இல் உருவாயிற்று. பிரிட்டனும் அமெரிக்காவும் அதனை எதிர்த்தன. பிரிட்டன் சார்பில் பேசிய சர் ஜான் அர்டா என்னும் தளபதி முன்வைத்த வாதத்தை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நாகரிக நாட்டுப் படைவீரன் காயமுற்றால் தான் காயமுற்றதை உணர்ந்து பின்வாங்குவான். காட்டுமிராண்டியோ எத்தனை குண்டு பட்டாலும் பாய்ந்து வருவான். ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அவ்வாதத்தின் சாரம். பிரகடனத்தின் வாசகமோ, அது கையொப்பமிட்ட நாடுகள் தமக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே பொருந்தும் என்று வரையறுத்தது. காலனி மக்கள் எந்த மாநாட்டிலும் கையொப்பமிட அழைக்கப்படவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இருப்பினும் உலகக் கருத்துக்கு அஞ்சி, குழிமுனைக் குண்டைப் பிரிட்டன் சில ஆண்டுகளுக்குள் படையிலிருந்து திரும்பப் பெற்றது. 1907இல் பிரகடனத்தையும் ஏற்றுக்கொண்டது.

இந்தப் பின்னணியில்தான் 1930களின் பிற்பகுதியில் இருநூறு கிரெயின் ஈயத்தைப் பற்றிய அச்சம் எழுந்தது. ஜெர்மனியோடு மீண்டும் போர் மூளும் அறிகுறிகள் தெரிந்தன. சிறைப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரியின் இடைவாரில் கவசமற்ற ஈயக்குண்டு இருந்தால், விதிமீறல் என்று எதிரி குற்றஞ்சாட்டக்கூடும் என்று படைத்துறை கலங்கியது. அதன் விளைவாக 1937-38இல் மார்க் 2 என்னும் புதிய வகை வந்தது. அதன் குண்டு செம்பு நிக்கல் கலவை போன்ற கடினக் கவசம் முழுதும் போர்த்தது. எடை 178 கிரெயின். ஈயக்குண்டு பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. கனமான மெதுவான குண்டு என்பதே இத்தோட்டாவின் முழுத் தத்துவம் என்று கண்டோம். இப்போது கனமும் குறைந்தது, மென்மையும் போயிற்று. மெதுவாகச் செல்லும் குணம் மட்டும் எஞ்சியது. குறைகூறுவோருக்கு நல்ல வாய்ப்பு. ஆனால், சட்டத்தை மதித்ததால் ஆயுதம் கெட்டது என்று இதனைச் சொல்வது பொருந்தாது. முதலிலேயே விதியை அருகில் வைத்துக்கொண்டு தோட்டாவை வடித்திருந்தால், இருமுறை உழைக்க நேர்ந்திராது.

துப்பாக்கியின் கதை இதனினும் சுவையானது. புதிய தோட்டாவுக்கேற்ற துப்பாக்கியை வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனம் வடிவமைத்து அரசிடம் கொடுத்தது. அரசோ அவ்வடிவத்தைத் தன் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு அனுப்பி, சில மாற்றங்களுடன் தானே செய்யத் தொடங்கிவிட்டது. வெப்லி நிறுவனம் 2,250 பவுன் கேட்டு வழக்காடியது. வடிவமைத்தவர் எங்கள் கேப்டன் பாய்ஸ் என்று என்ஃபீல்டு சாதித்தது. வழக்கு தள்ளுபடியாயிற்று, பின்னர், கண்டுபிடிப்பாளர்க்குப் பரிசளிக்கும் அரச ஆணையம் 1,250 பவுன் கொடுத்து வாயடைத்தது. போர் மூண்டதும் என்ஃபீல்டால் தேவையை ஈடுசெய்ய இயலாமல், அதே வெப்லி நிறுவனத்திடம் மார்க் 4 துப்பாக்கிகளை அரசு வாங்க நேர்ந்தது. 1938இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் சுத்தியலில் கட்டைவிரல் வைக்கும் கொம்பும் நீக்கப்பட்டது. டாங்கியின் குறுகிய வாயில்களில் அது சிக்கிக்கொண்டது என்பர். அதன்பின் ஒவ்வொரு முறையும் விசையை நீளமாகவும் அழுத்தமாகவும் இழுத்தே சுட வேண்டியதாயிற்று. எளிதில் குறிபார்க்க வேண்டும் என்பதற்காகவே வலிமையை விட்டுக்கொடுத்தவர்கள், இப்போது அந்த எளிமையையும் விட்டுக்கொடுத்தனர்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனமும் இத்தோட்டாவுக்கென 570,000க்கு மேற்பட்ட ‘விக்டரி’ சுழல்துப்பாக்கிகளைப் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்கு அனுப்பியது. தாய்வீட்டுத் தோட்டா அந்நிய உடையில் தாய்வீட்டுக்கே திரும்பி வந்து துப்பாக்கி கேட்டது போன்ற நிலை அது. போர் முடிந்தபின் அத்துப்பாக்கிகள் மலிவு விலைக்கு அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அங்கே பரவலாக வழங்கியது .38 ஸ்பெஷல். பெயரளவில் இரண்டும் 38, உண்மையில் உறவில்லை. ஸ்பெஷலின் கூடு 29 மில்லிமீட்டர் நீளம், .380இன் கூடு 20 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆனால்.380இன் கூடு சற்றே பருமன், குண்டும் சற்றே தடிமன். வணிகர்கள் துப்பாக்கி அறைகளை முன்னோக்கிக் குடைந்து, ஸ்பெஷல் தோட்டா நுழையுமாறு செய்து விற்றனர். அறையின் பின்பகுதி முன்போலவே அகலமாக இருந்ததால், சுட்டவுடன் மெலிந்த கூடு பக்கவாட்டில் புடைத்தது. சில வேளை வெடித்துக் கிழிந்தது. அளவு என்பது பெயரில் இல்லை என்பதைப் பலர் இவ்வாறு அறிந்தனர். போதாக்குறைக்கு, தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கென .380 என்று அமெரிக்கர் அழைக்கும் மற்றொரு தோட்டாவும் உண்டு. அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பிரிட்டிஷ் படை 1954இல் 9 மில்லிமீட்டர் பிரௌனிங் துப்பாக்கியைத் தேர்ந்தது. சுழல்துப்பாக்கிகள் 1960களில் படையிலிருந்து விடைபெற்றன. போர்க்களத்தில் தோற்ற தோட்டா காவல்துறைகளில் நெடுநாள் வாழ்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. மக்கள் நெருங்கி வாழும் நகரத் தெருவில், சுவரையும் கதவையும் துளைத்துச் சென்று அப்பால் நிற்கும் குழந்தையைத் தாக்காத குண்டே வேண்டப்படுவது. களத்தில் குறையாக எண்ணப்பட்ட மெதுவான வேகம், ஊருக்குள் ஒரு நன்மையாயிற்று. ஆனால், இங்கே ஒரு முரண்பாட்டையும் சுட்டியாக வேண்டும். ஹேக் பிரகடனம் நாடுகளுக்கிடையிலான போரை மட்டுமே கட்டுப்படுத்தியது. காவல்துறையை அது தொடவில்லை. ஜெர்மானியப் படைவீரன்மேல் சுடக்கூடாதென விலக்கப்பட்ட ஈயக்குண்டை, ஓர் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட குடிமகன்மேல் சுடுவதற்கு எந்த உலகச் சட்டமும் தடையாக இல்லை.

ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் காவலர்கள் வெப்லி மார்க் 3, மார்க் 4 துப்பாக்கிகளை ஏந்தினர். சிங்கப்பூருக்கென அனுப்பப்பட்டவற்றில் வேறெங்கும் அரிதாகக் காணும் ஓர் உறுப்பு இருந்தது. அது பாதுகாப்புத் தாழ். சுழல்துப்பாக்கியின் விசை இயல்பாகவே அழுத்தமானது. தவறிச் சுடும் வாய்ப்புக் குறைவு என்பதால் பொதுவாக அதற்குத் தாழ் வைப்பதில்லை. நெரிசலான தெருக்களில் கைகலப்பின்போது துப்பாக்கி பறிபோனால் உடனே சுட முடியாதிருக்கட்டும் என்ற முன்னெச்சரிக்கையா, அல்லது காலனியாட்சி தன் காவலரின் கையையே முழுதும் நம்பாத மனநிலையா? இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விடுதலைக்குப் பின் இந்தியாவின் அரசு படைக்கலச் சாலைகள் .380 தோட்டாக்களைத் தொடர்ந்து வார்த்தன. கான்பூரில் செய்யப்பட்ட .32 சுழல்துப்பாக்கியின் உறுப்பமைப்பில் வெப்லி மார்க் 4இன் சாயல் தெளிவாகத் தெரியும். நம் பகுதியிலோ காலம் வேறு திசையில் திரும்பியது. மலேசியாவில் 1971இலும், சிங்கப்பூரில் 1973இலும் சுடுகலன் குற்றங்களுக்கெனக் கடுமையான சட்டங்கள் பிறந்தன. அதே பத்தாண்டில் சிங்கப்பூர்க் காவலரின் வெப்லிகளும் ஓய்வு பெறத் தொடங்கின. ஒரே நாளில் அவை விலக்கப்படவில்லை. பழுதுபார்க்க வந்த துப்பாக்கி ஒவ்வொன்றும் திரும்பிச் செல்லாமல் நிறுத்தப்பட்டது. அதனிடத்தில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் 10 வழங்கப்பட்டது. அது .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கானது. பழைய கையிருப்பில் கிடந்த .380 தோட்டாக்கள் அதன் அறைக்குள் நுழையா.